இருப்பிடத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டுமா?

அருகிவரும் விலங்குகளின் இருப்பிடத் தரவு முழுவதையும் பொதுவில் திறந்துவிட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2013-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு புலியின் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைத் தகவல் வந்துசேரும் மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ நுழையப் பார்த்தார்களே! அத்தகவல் வேட்டைக்காரர்கள் கையில் சிக்கினால் என்னாகும்? பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அருகிவரும் உயிரினங்களின் சரியான புள்ளியை வரைபடத்தில் மறைத்து, அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஓரிடத்தில்தான் காட்டும். நிலநடுக்கோட்டருகே அது பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர். துல்லியமான தரவு தேவைப்படும் ஆய்வாளர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் விலங்கே இல்லை என்று அர்த்தமில்லை. ஆட்கள் எளிதில் போகும் சாலையோரங்களில்தான் பதிவுகள் குவிகின்றன. அந்த வெற்றிடத்தைக் காட்டி சுரங்கத்துக்கு அனுமதி கேட்டால் என்ன செய்வது? தேடியும் தென்படாத இடங்களைத் தனியாகக் குறித்தால்தான் யாருமே தேடாத இடம் எதுவென்று தெரியும்.