மோதியானோ முகாமிலிருந்து தப்பியவர் அல்ல

பிரெஞ்சு நாவலாசிரியர் பாத்ரிக் மோதியானோ நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர், அவர் புத்தகத்தில் வரும் தோரா ப்ரூடெர் அவருடைய கற்பனைப் பெண் என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

மோதியானோ பிறந்தது 1945 ஜூலை 30. அதற்குள் ஐரோப்பாவில் போரே முடிந்துவிட்டது. யூதரான அவர் அப்பாதான் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலப் பாரிஸில் போலிப் பெயரில், கள்ளச்சந்தை வியாபாரத்தில் காலம் தள்ளினார். அம்மா ஃப்ளெமிஷ் நடிகை, யூதர் அல்ல. அப்பா வாய் திறந்து சொல்லாத அந்த வருடங்களைத்தான் மகன் 1968இல் வந்த முதல் நாவலிலிருந்தே தோண்டிக்கொண்டிருக்கிறார்.

தோரா நிஜமான பெண். 1941 டிசம்பர் 31 'பாரி சுவார்' நாளிதழில் அவளைக் காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த விளம்பரம் வந்தது: வயது 15, உயரம் 1 மீட்டர் 55, சாம்பல் கோட்டு, கருஞ்சிவப்பு ஸ்வெட்டர், பழுப்பு ஷூ. விடுதிப் பள்ளியிலிருந்து ஓடிப்போனவள். 1942 செப்டம்பர் 18 அன்று பாரிஸ் அருகே யூதர்களை அடைத்துவைத்த திரான்சி முகாமிலிருந்து அப்பாவோடு ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டாள். ஐந்து மாதம் கழித்து அம்மாவையும் அனுப்பினார்கள்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று புரிகிறது. அந்த விளம்பரத்தைப் பார்த்தபின் மோதியானோ 1990இல் முதலில் ஒரு கற்பனை நாவல்தான் எழுதினார். ஆனால் மனம் ஆறவில்லை. பதிவேடு பதிவேடாகத் தேடி, 1997இல் அவள் பெயரிலேயே புத்தகம் போட்டார். அவள் ஓடிப்போன நாட்களில் எங்கே இருந்தாள் என்பதை மட்டும் அவர் கற்பனையால் நிரப்பவே இல்லை. காலியாகவே விட்டிருக்கிறார். அதனால்தான் அவளைக் கற்பனைப் பாத்திரம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.