புறா என்றால் மாடப்புறா மட்டுமா?

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது என்று கேட்டால், மயில் என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம். மரகதப்புறாங்க! அதுவும் நம்ம ஏற்காட்டிலேயே இருக்கிறது. காபித் தோட்டத்து நிழலில், உதிர்ந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டு தரையில் நடக்கும். பச்சைச் சிறகு, பவழச் சிவப்பு அலகு. ஆள் அரவம் கேட்டால் சடாரென்று தாழப் பறந்து புதருக்குள் போய்விடும். நாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, படகு ஓட்டி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

கீழே சேலத்தில் புறா என்றாலே சாம்பல் நிற மாடப்புறாதான். இதன் மூதாதைகள் பாறை இடுக்கில் கூடு வைத்தவை. அதன் கண்ணுக்குக் கோபுரமும் பாறைதான், அடுக்குமாடியும் பாறைதான். ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் நாலு குச்சியைப் போட்டு இரண்டு முட்டை வைத்துவிடும். அம்மா, அப்பா இரண்டுமே தொண்டைப் பையில் பால் மாதிரி ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். தீனி தட்டாமல் கிடைத்தால் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும்.

அந்தத் தீனியில்தான் எனக்குச் சண்டை. எங்கள் குடியிருப்பில் மேல்மாடிக்காரர் ஒருவர் தினமும் காலையில் கம்பு இறைப்பார். கீழ்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியெல்லாம் வெள்ளைப் புள்ளி. கேட்டால் "ஜீவகாருண்யம்ங்க, சிபிச் சக்கரவர்த்தி பிறந்த மண்ணு" என்கிறார். சரி, புறாவின் துயர் தீர்த்த சோழனைப் புறநானூறே பாடுகிறது. ஆனால் சிபி கொடுத்தது தன் சொந்தத் தொடைச் சதை. அடுத்த வீட்டு பால்கனியை அல்ல! புண்ணியம் உங்களுக்கு, கழுவுகிற வேலை எங்களுக்கா?

வேட்டியோடு போனால் பரவாயில்லை. காய்ந்த எச்சத்தின் தூள் நாள்கணக்கில் மூச்சில் ஏறினால், சிலருக்கு நுரையீரலே கெட்டுப்போகும். மும்பையில் 2025இல் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும் இதனால்தான். அதற்கு எவ்வளவு ரகளை!

குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறா, பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறா வளர்ப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் கூண்டை அவர்களே கழுவுகிறார்கள்.

புறாமேல் பாசம் இருந்தால் மற்றதையும் கொஞ்சம் பாருங்கள். தவிட்டு நிறத்தில் தவிட்டுப்புறா. வறண்ட புதர்க்காட்டில் கள்ளிப்புறா. கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளியோடு மணிப்புறா. ஆலமரம் பழுத்தால் கூட்டமாக வந்து இறங்கும் பச்சைப்புறா, அசையாமல் உட்கார்ந்தால் இலைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. இதுகளுக்கெல்லாம் வேண்டியது மரமும் புதரும். காலி மனையில் ஒரு புதரை விட்டு வைக்கிறோமா? "பாம்பு வரும்" என்று ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, மாடியேறிக் கம்பு போடுகிறோம்.

மாடப்புறா பட்டினி கிடக்குமே என்று கவலைப்படுகிறவர்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜார் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். மூட்டை இறக்கும்போது சிந்துவதே அதுகளுக்குத் தாராளம்.