பொரியை எந்தக் கப்பால் அளப்பது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பொரிப் பாக்கெட்டில் 'ஒரு வேளைக்கு 1 கப்' என்று போட்டிருக்கிறான். எந்தக் கப்? தலை தட்டியா, கும்பாச்சியாகவா, குலுக்கி அமுக்கியா? லேசாக இரண்டு தட்டு தட்டினாலே இன்னொரு பிடி உள்ளே இறங்கிவிடுகிறதே! சரி, நிறுக்கலாம் என்றால் ஒரு கப் பொரி சுமார் 14 கிராம்தான். வீட்டுத் தராசில் முள் அசையவே மாட்டேன் என்கிறது. அதே கப்பில் கார்ன்ஃப்ளேக்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு நான் எதை நம்பிப் போடுவது? அப்பளத்தையாவது எண்ணிவிடலாம். கெரோப்போக் என்கிற மீன், இறால் வடகத்தை? துண்டுக்குத் துண்டு அளவு வேறு. அதில் போட்டிருக்கும் கிராம் பொரிப்பதற்கு முன்னா, எண்ணெய் குடித்த பின்னா? அதைத் தெளிவாக ஒரு வரி அச்சடிக்க இவர்களுக்கு என்ன கேடு?