"மூணு நாளும் என்னதான் சார் பண்ணுனீங்க?"

கல்லூரி கோல்ஃப் டீமை ஒரு போட்டிக்குக் கூட்டிப் போய்வந்து, செலவுக் கணக்கைக் கொடுக்கப் போனேன். அங்கே ஒருவர் கேட்டது இது. நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் 22 வருடமாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். அடிப்படையில் நான் கபடிக்காரன். கோட்டுக்கு வெளியே நின்று "கால புடிடா, கால புடி" என்று கத்தியே குரல் கெட்டுப்போன ஆள். கத்தினால்தான் கோச் என்று நினைக்கும் ஊர் இது. நான் சும்மா நின்றால் "பி.டி. சாருக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள்.

கோல்ஃப் எங்களிடம் வந்தது தற்செயலாக. கொடைக்கானல் பையன் ஒருவன் பி.காம். சேர வந்தான். விண்ணப்பத்தில் விளையாட்டு என்ற இடத்தில் கோல்ஃப் என்று எழுதியிருந்தான். "அப்பா என்ன பண்றாரு தம்பி?" என்றேன். "கேடி சார்" என்றான். தூக்கிவாரிப் போட்டது. நம்ம பக்கம் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருப்பார்கள். அப்புறம்தான் புரிந்தது, அவர் கோல்ஃப் விளையாடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர். அந்த மலையில் 1895-லிருந்து கோல்ஃப் கிளப் இருக்கிறது. 2009-ல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த பெங்களூரு முனியப்பாவும் இப்படிப் பை தூக்கி வந்தவர்தான்.

அவனைச் சுற்றி இன்னும் மூன்று பேரைப் பிடித்தோம். ஒருவன் ஹாக்கி ஆடியவன். அந்த அடி இன்னும் கையை விட்டுப் போகவில்லை. காலையில் ஹாக்கி கிரவுண்டில் பாய் விரித்துப் பயிற்சி. முடிந்த சனிக்கிழமைகளில் விடியற்காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கொடைக்கானல். அங்கே புல்வெளியில் காட்டுமாடு வந்து நின்றால் அது நகரும் வரை நாங்களும் நிற்க வேண்டியதுதான்.

சரி, போட்டிக்கு வருகிறேன். மூன்று நாள், நாளுக்கு 18 குழி. பந்தைக் குழியில் போட எத்தனை அடி (ஸ்ட்ரோக்) ஆகிறதோ அதுதான் ஸ்கோர், குறைந்தால்தான் நல்லது. நான்கு பேர் ஆடுவார்கள், அன்றன்றைக்கு நன்றாக ஆடிய மூன்று பேரின் ஸ்கோர்தான் டீம் கணக்கில் சேரும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஐந்து பேர் ஆடி நான்கு ஸ்கோர் சேர்ப்பார்கள். கோச்சும் கூடவே நடந்து யோசனை சொல்லலாம். எங்களுக்கு அது கிடையாது. ஆட்டத்தின் நடுவே ஆலோசனை என்றால் தன் பையைத் தூக்கும் கேடியிடம் மட்டும்தான். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காவது வந்தபோது பையைத் தூக்கியது அவருடைய அம்மா, நினைவிருக்கும். எங்கள் பையன்கள் தங்கள் பையைத் தாங்களே தூக்கினார்கள். குழியில் நட்டிருக்கும் கொடி எத்தனை யார்டில் இருக்கிறது என்று நான் சொல்லலாம். எந்த கிளப்பை, அதாவது எந்த மட்டையை, எடு என்று சொல்லக் கூடாது. அவனாகக் கேட்டால் அவனுக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம்.

முதல் நாள் நான்காவது குழி. கொடைக்கானல் பையன் நிற்கிறான். கொடி 150 யார்டு, முன்னால் தண்ணீர். மட்டையின் நம்பர் குறையக் குறைய பந்து அதிக தூரம் போகும். மலையில் அந்தத் தூரத்துக்கு அவன் ஏழாம் நம்பர்தான் எடுப்பான், நூறு தடவை பார்த்திருக்கிறேன். இங்கே அவன் கை ஆறாம் நம்பருக்குப் போகிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து என்னை மீறி வார்த்தை வந்துவிட்டது: "டேய், ஏழு எடுடா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறையே எடுத்தான். பந்து தண்ணீரைத் தாண்டி கொடிக்குப் பத்தடியில் போய் உட்கார்ந்தது. நடுவர் என்னிடம் வந்தார். கேட்காமல் சொன்னதால் பையனுக்கு அபராதம் இல்லை, இன்னொரு தரம் வாயைத் திறந்தால் சிக்கல் என்றார். இருபது வயதுப் பிள்ளைகள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், ஏண்டா ஆறு எடுத்தே என்று. "கீழ பந்து அவ்வளவு பறக்காது சார். மலைல காத்து லேசு. இங்க 150 போகணும்னா ஏழுக்குப் பதிலா ஆறு எடுக்கணும். அப்பா பஸ் ஏத்தும்போதே சொல்லிட்டாரு."

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். அங்கே 150 போகிற அடி சமவெளியில் பத்து யார்டாவது முன்னாலேயே விழுந்துவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போட்டிக்கு முன்னாலேயே ஒவ்வொரு கிளப்பும் கீழே எவ்வளவு போகும் என்று அளந்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். என் வேலை அதுதான். அதைச் செய்யாமல் கயிற்றோரம் நின்று கத்தினேன். அதுவும் தப்பாக. அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் பந்து தண்ணீரில்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. சும்மாவும் இல்லை. ஒரு சுற்று முடிய நாலரை, ஐந்து மணி நேரம் வெயிலில் நடக்கிறார்கள். பன்னிரண்டாவது குழிக்கு மேல் பையன்கள் தப்பு செய்வது பெரும்பாலும் பசியால்தான், எனக்கு அது கண்ணாலேயே தெரிந்தது. நான்கு குழிக்கு ஒரு வாழைப்பழம், நடுவில் பாக்கெட்டில் உடைத்துப் போட்ட கடலைமிட்டாய், உப்பு போட்ட மோர். சாயங்காலம் ஸ்கோர் கார்டு. ஒரு குழியில் ஆடியதைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆளே வெளியே. கூட்டி எழுதிவிட்டால் அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும். அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், 1968-ல், ராபர்ட்டோ டி விசென்சோ 65 அடித்துவிட்டு 66 என்றிருந்த கார்டில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரே ஸ்ட்ரோக்கால், பட்டத்துக்கான பிளே-ஆஃப் (ஸ்கோர் சமமானால் நடக்கும் கூடுதல் ஆட்டம்) ஆடும் வாய்ப்பே பறிபோனது. அந்தக் கதையைத் தினமும் சொன்னேன். மூன்றாம் நாள் "சார், 65 தானே, தெரியும்" என்று முந்திக்கொண்டார்கள்.

ஹாக்கிப் பையனின் ஸ்கோர் இரண்டு நாளும் கணக்கில் சேரவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அவன் ஊர் ஜல்லிக்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கோல்ஃப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மறுநாள் வேறு ஒருவன் சொதப்ப, இவன் அடித்த 84 சேர்ந்தது. ஒன்பது டீமில் ஐந்தாவது வந்தோம்.

கபடிக்கும் இது பொருந்துமா என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள். கோட்டுக்குள் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டிருக்கிறவன் காதில் நான் கத்தியது எத்தனை தடவை விழுந்திருக்கும், அதில் எத்தனை தடவை சரியாகச் சொல்லியிருப்பேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நிறைய ஆட்டங்களில் பையன்கள் என்னையும் மீறித்தான் ஜெயித்திருக்கிறார்கள் போல.

செலவுக் கணக்கில் பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பாஸ் ஆகிவிட்டது. வாழைப்பழம் மட்டும் நிற்கிறது. தள்ளுவண்டியில் வாங்கியது, பில் இல்லை.