'ஆஃப்' என்றதும் பன்மையை மறந்துவிடலாமா?

ஆங்கிலத்தில் வினை ஒருமையா ('இஸ்') பன்மையா ('ஆர்') என்று பார்க்கும்போது, 'ஆஃப்' (of) என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பன்மைப் பெயரைக் கண்டுகொள்ளவே வேண்டாம், அதற்கு முன்னால் உள்ள சொல்தான் வினையைத் தீர்மானிக்கும் என்று ஓர் ஆங்கில இலக்கணக் கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. 'எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ்' என்பதற்குப் பொருந்தும். ஆனால் 'எ லாட் ஆஃப் மேங்கோஸ் இஸ்' என்று யாராவது சொல்வார்களா? அங்கே 'ஆர்'தான். அதே இடத்தில் மாம்பழத்துக்குப் பதில் அரிசி வந்தால் 'எ லாட் ஆஃப் ரைஸ் இஸ்'. ஆக, பின்னால் வரும் பெயர்தான் அங்கே முடிவு செய்கிறது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பெண் தன் பள்ளி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். 'ஆர்' மேல் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் 'இஸ்'! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'தி நம்பர் ஆஃப்' என்று தொடங்கியிருந்தால்தான் 'இஸ்'. 'எ நம்பர்' என்றால் 'பல பேர்', 'தி நம்பர்' என்றால் 'எண்ணிக்கை' என்று தமிழில் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டாள். இங்கே பிள்ளைகள் பேசும் கிரியோல் மொழியில் பெயருக்கு முன் 'பான்' சேர்த்தால் பன்மை, அவ்வளவுதான், அதற்காக வினை மாறவே மாறாது. அப்படிப் பழகிய பிள்ளைக்கு அரை விதியைக் கொடுத்தால், சரியாக எழுதியதையும் அடித்துவிட்டுத் தப்பாக எழுதும்.