பனங்காயும் கடுகும்

சூரியன் பூமியைவிட 109 மடங்கு பெரிது என்று இணையத்தில் ஒரு கட்டுரையில் இருப்பது விட்டத்தை வைத்துச் சொன்னது. அதைப் பார்த்துவிட்டு 'அப்படியானால் சூரியனுக்குள் அடங்குவது 109 பூமிதானா?' என்று கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை சார், கொள்ளளவில் பார்த்தால் சுமார் 13 லட்சம் பூமி.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளை பக்கம். போன லீவில் அக்கா மகனுக்கு இதைப் புரியவைக்க ஒரு பனங்காயை எடுத்தேன், குறுக்களவு சுமார் 14 சென்டிமீட்டர். அதுதான் சூரியன் என்றால் பூமி ஒரு சின்னக் கடுகு, 15 மீட்டர் தள்ளி. வியாழனுக்கு ஒரு சுண்டைக்காய், 78 மீட்டரில். நெப்டியூன் மிளகு, அதை வைக்க விளையை (தோப்பை) தாண்டி 450 மீட்டர் நடக்கவேண்டும். பையன் பாதியிலேயே பனங்காய் வண்டி செய்து தரச் சொல்லிவிட்டான், அது வேறு கதை.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது நிலா. கடுகிலிருந்து 4 சென்டிமீட்டர்கூட இல்லை. கடுகைப் பனங்காய்க்கு நடுவில் வைத்தால் நிலா சுற்றும் பாதை மொத்தமும் காய்க்குள்ளேயே அடங்கிவிடும். அப்புறம், பக்கத்து நட்சத்திரம் எங்கே என்றான் பையன். இந்தக் கணக்கில் 4,000 கிலோமீட்டர், காஷ்மீரையும் தாண்டி.