ஆப்பிரிக்க மொழிகளில் இலக்கியம் இல்லையா?

'ஆப்பிரிக்க மொழிகளுக்கு எழுத்தும் இல்லை, இலக்கியமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அவற்றைத் துணைப்பாடமாக எடுப்பது வீண்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எத்தியோப்பியாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கீயெஸ் எழுத்து புழங்குகிறது. அந்நாட்டின் அம்ஹாரிக் மொழி நாளிதழ்கள் இன்றும் அதில்தான் அச்சாகின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில், அரபு எழுத்தில் எழுதப்பட்ட நெடுங்கவிதைச் சுவடி ஒன்று 1728-ஐச் சேர்ந்தது. லெசோத்தோ நாட்டு எழுத்தாளர் தாமஸ் மொஃபோலோவின் 'சாக்கா' நாவல் 1925-இல் அவரது தாய்மொழியான சேசோத்தோ மொழியில் வெளிவந்தது. இவ்வளவு வளத்தையும் ஒரே வரியில் இல்லையென்று சொல்வது வேதனை.

சரி, எங்கே சரிபார்ப்பது? லண்டனில் உள்ள சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் சுவாஹிலிச் சுவடிகளும், பிரிட்டிஷ் நூலகத்தில் எத்தியோப்பியச் சுவடிகளும் உள்ளன. அவற்றின் இணையதளங்களில் தேடலாம். பாட விவரங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.